அப்பா ஒப்படைத்த பொறுப்பு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப் பேருக்கு என்னிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. சிலர் கேட்டுவிட்டீர்கள். பலர் கேட்காமல், பந்தியில் என் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போனீர்கள். பதினாறாம் நாளன்று கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி, எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஏல, நெஞ்சுக் கோளாறு உள்ள மனுசன பிளேன்ல ஏத்தி அனுப்பிட்டு, நீ இங்கன என்னல செஞ்சுக்கிட்டு இருந்த?"

அன்று நான் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு அடுத்த பந்திக்கு நகர்ந்துவிட்டேன். ஓராண்டு நிறைவுக்கு எல்லாரும் மறுபடி கூடியிருக்கும் இந்த நாளில் சொல்கிறேன். நினைவு மலர் என்றால் புகழ்ந்து எழுதுவது வழக்கம். அப்பா புகழ்ச்சிக்கு மசிகிறவர் அல்லர். உள்ளதை எழுதினால், கையில் சிவப்பு மை பேனாவோடு ஒரு முறை படித்தாவது பார்ப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அப்பா பிறந்தது சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். பள்ளி இறுதி வகுப்புப் படிக்கும்போதே தந்தையை இழந்தார். மத்திய அரசுத் தேர்வு எழுதித் தேறி, கீழ்நிலை எழுத்தராகத் தில்லிக்கு ரயிலேறியபோது வயது இருபத்தொன்று. கரோல் பாக்கில் ஒரு மாடி அறையில் நான்கு பேரோடு குடியிருந்தார். இந்தி தெரியாததால் முதல் சில மாதங்கள் கடையில் விரலால் காட்டியே சாமான் வாங்கினாராம். இரண்டு அத்தைமாருக்கும் கல்யாணம் முடித்த பிறகுதான் தமக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார். அம்மா வந்தார். மோதி பாக்கில் அரசுக் குடியிருப்புக் கிடைத்தது. நானும் தங்கையும் அங்கேயே தமிழ்ப் பள்ளியில் படித்தோம். இந்தக் கட்டுரையைத் தமிழில் எழுத முடிகிறதென்றால் அதனால்தான். என் பிள்ளைகளுக்கு இதை நான் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும்.

பிரிவு அலுவலராக ஓய்வு பெறும் வரை அப்பா பார்த்ததெல்லாம் ஊழியர் நிர்வாகக் கோப்புகள். யார் விடுப்பில் போகிறார், யார் மாற்றலாகிறார், யார் யாரிடம் பொறுப்பை ஒப்படைக்கிறார் என்பதே முப்பத்தெட்டு ஆண்டு வேலை. அது ரத்தத்தில் ஊறிவிட்டது. அரசு ஊழியர் ஊரை விட்டுப் போவதென்றால் மேலதிகாரியிடம் எழுதி அனுமதி வாங்க வேண்டும் என்பது விதி. ஓய்வு பெற்ற பிறகு, தில்லியிலேயே துவாரகாவில் சொந்த வீட்டுக்கு வந்த பிறகும், மூன்று நாள் ஹரித்வார் போனால்கூடக் குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு ஒரு கடிதம் போகும். செயலாளர் பஞ்சாபிக்காரர். "அங்கிள்ஜி, போயிட்டு வாங்களேன், நான் யார் தடுக்க?" என்று சிரிப்பார். அப்பா சிரிக்க மாட்டார். கடிதத்தின் நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் படியிறங்குவார்.

வாயால் எதையும் சொல்ல அவருக்கு வராது. வீட்டில் முக்கியமானதெல்லாம் எழுத்தில்தான். பதினொன்றாம் வகுப்பில் நான் கணக்கில் தோற்றபோது என் மேசை மேல் ஒரு துண்டுத் தாள் இருந்தது: 'பார்த்தேன். பேச வேண்டும். ஞாயிறு காலை.' ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். ஒரு வார்த்தை பேசவில்லை. அதோடு விஷயம் முடிந்தது.

அம்மாவுக்கு நேர்மாறான பழக்கம். அம்மா எதையும் படிக்க மாட்டார். எழுதப் படிக்கத் தெரியாமல் இல்லை. வாரப் பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை படிப்பவர். ஆனால் அப்பா நீட்டும் தாளை மட்டும் படித்ததே கிடையாது. வாரிசு நியமனப் படிவம், மருத்துவ அட்டை, ஓய்வூதியத்துக்கான கூட்டுக் கணக்கு என்று நாற்பத்தோரு ஆண்டுகளாக எத்தனையோ தாள்கள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "எங்கன போடணும்?" என்று மட்டும் கேட்பார். விரல் வைத்த இடத்தில் கையெழுத்து விழும். அது அப்பா மேல் வைத்த நம்பிக்கை என்று நாங்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. நம்பிக்கையும்தான், சோம்பலும்தான். அம்மாவே இப்போது அப்படித்தான் சொல்கிறார்.

என் தங்கை கல்யாணமாகி இங்கிலாந்து போய் ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. லண்டனிலிருந்து மூன்று மணி நேர ரயில் தூரத்தில் ஒரு சிறிய ஊர். மகள் குடித்தனம் நடத்தும் வீட்டை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் என்று அம்மா ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆண்டுதோறும் அப்பா ஏதாவது காரணம் சொன்னார். கடைசியில் ஒரு நாள், யாரும் கேட்காமலே, விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி எனக்குக் குறிப்பு எழுதி வைத்தார். ஆறு மாத விசா. நான்கு மாதம் இருந்துவிட்டு வருவதாகத் திட்டம்.

அதற்குப் பிறகு வீடு ஒரு அலுவலகமாக மாறியது. விசா மையத்துக்கு அப்பா கொண்டுபோன கோப்பு நூற்றுச்சொச்சம் பக்கம். பக்க எண், பொருளடக்கம், கலர் கலராக அடையாளச் சீட்டுகள். முகப்பில் இருந்த பெண் அதில் ஆறு தாளை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்பாவின் முகம் வாடிப்போனதைப் பார்க்க வேண்டுமே. மெட்ரோவில் வீடு வரும் வரை அந்த மீதித் தாள்களைப் பக்க எண்படி அடுக்கிக்கொண்டே வந்தார்.

பெட்டியை எடை பார்க்க நான் சின்ன மின்னணுத் தராசு ஒன்று வாங்கி வந்தேன். அப்பா அதை நம்பவில்லை. தெருவில் போன பழைய பேப்பர்காரரைத் தராசோடு மாடிக்குக் கூப்பிட்டார். அந்த மனிதர் இரண்டு பெரிய பெட்டிகளையும் பார்த்து, "பாபுஜி, இது எல்லாமே ரத்தியா, பழைய பேப்பரா?" என்று கேட்டதும் அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஒவ்வொரு பெட்டியும் இருபத்து மூன்று கிலோவைத் தாண்டியது. தாண்டியதெல்லாம் புளி, மிளகாய்ப் பொடி, கருப்பட்டி. "இங்கேயே தமிழ்க் கடை இருக்கும்மா, எல்லாம் கிடைக்கும்" என்று தங்கை போனில் கத்தினாள். "கெடைக்கும், கெடைக்கும். நம்ம மொளவாப் பொடி கெடைக்குமாக்கும்?" என்றார் அம்மா. அப்பாவின் இரண்டு கம்பளிச் சட்டைகள் வெளியே வந்தன, கருப்பட்டி உள்ளே போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை விமான நிலைய மெட்ரோவில் ஏற்றி ஒத்திகைக்கு அழைத்துப் போனார். எந்த வாசல், டிராலி எங்கே இருக்கும், காவலரிடம் எதைக் காட்ட வேண்டும் என்றெல்லாம் அம்மாவையே கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொன்னார். இருவரும் வாசல் வரை போய், வெளியே டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கவனித்திருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்பா அம்மா இருந்த கட்டடத்தில் மின்தூக்கி பாதி நாள் ஓடாது. அப்பா படியேறும்போது இரண்டாம் மாடியில் நின்று, சங்கத்தின் அறிவிப்புப் பலகையை வெகுநேரம் படிப்பார். அதில் ஒரே அறிவிப்புதான் மாதக்கணக்காக இருந்தது, தண்ணீர்த் தொட்டி கழுவுவதைப் பற்றி. அவர் மூச்சு வாங்க நிற்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பா எதையும் இரண்டு தடவை படிப்பவர் என்று நினைத்துக் கடந்து போனேன். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி வேண்டும் என்று அவரே சொன்னபோதுகூட, 'பரவாயில்லை, வயதானதும் பிடிவாதம் குறைகிறது' என்று என் மனைவியிடம் பெருமைப்பட்டேன்.

நடந்தது இதுதான். விசா வந்த பிறகு, அரசு மருந்தகத்தில் மேல்சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்த சீட்டை வைத்துக்கொண்டு அப்பா தனியாக ஒரு இதய மருத்துவரைப் பார்த்திருக்கிறார். ரத்த அழுத்த மாத்திரை மாற்றப் போனதாக எங்களிடம் சொன்னார். இதய வால்வு ஒன்று நன்றாகச் சுருங்கியிருக்கிறது, முதலில் அறுவை சிகிச்சை, அப்புறம் பயணம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அறுவை சிகிச்சை என்றால் மூன்று மாதம் ஓய்வு. அதன் பிறகு நான்கு மாதம் தங்க விசாவில் நாள் மிஞ்சாது. அனுமதி கிடைத்த விடுப்பை வீணாக்குவது அப்பாவால் ஆகாத காரியம். அதைவிட, ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த அம்மாவிடம் போய் இன்னொரு தடவை 'அடுத்த வருஷம்' என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. முதலில் பயணம், வந்ததும் அறுவை சிகிச்சை என்று தாமே முடிவு செய்துகொண்டார்.

அம்மாவிடம் மறைக்க அவர் நினைக்கவில்லை. இதை நீங்கள் எல்லாரும் நம்ப வேண்டும். தமக்குத் தெரிந்த ஒரே வழியில் சொன்னார்.

புறப்படுவதற்கு முந்தின நாள், மதியம். அம்மா அடுப்படியில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார். வழியனுப்ப வந்திருந்த நான் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன். அப்பா மூன்று தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார். அலுவலகத்தில் ஒருவர் பொறுப்பை விட்டு இன்னொருவர் ஏற்கும்போது எழுதுவார்களே, அந்தப் பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பு. கடவுச்சீட்டு, டிக்கெட், காப்பீடு, மாத்திரைகள், வீட்டுச் சாவி என்று ஒவ்வொன்றாக எண் போட்டு, எல்லாவற்றையும் அம்மாவிடம் ஒப்படைப்பதாகத் தமிழில் அழகாக எழுதியிருந்தார்.

"இத நல்லாப் படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடு."

"எங்கன போடணும்?"

"படிச்சுட்டுப் போடுன்னு சொல்லுதேன்."

"படிச்சாச்சு, படிச்சாச்சு. மொளவா கருகுது, ஜல்தி காட்டுங்க."

அப்பா முதல் இரண்டு தாளையும் ஒவ்வொன்றாக அம்மாவின் கண்ணுக்கு நேரே காட்டினார். பிறகு மூன்றாவது தாளைப் புரட்டி விரல் வைத்தார். அம்மா கையெழுத்துப் போட்டார்.

"ஒனக்கு ஒண்ணும் சொல்றதுக்கு இல்லியே?"

"என்ன சொல்லக் கெடக்கு? கெளம்பியாச்சு. வாரது வரட்டும், போவோம்."

அப்பா என் பக்கம் வந்து சாட்சிக் கையெழுத்துக் கேட்டார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே போட்டேன். அந்தக் கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கிறது. சித்தப்பா, அப்போது நான் செய்துகொண்டிருந்தது அதுதான்.

மறுநாள் விமானத்தில் எல்லாவற்றையும் அம்மாவே செய்தாராம். லண்டனில் குடியேற்ற அதிகாரியின் முன் அப்பா வாயைத் திறக்காமல் அம்மாவைப் பார்த்திருக்கிறார். அம்மா மனப்பாடம் செய்து வைத்ததை ஒப்பித்தார்: "டாட்டர் ஹவுஸ். ஃபோர் மந்த்ஸ். தென் கோயிங் பேக்." முத்திரை விழுந்தது. "உங்கப்பா ஊமை மாதிரி நிக்காகடா, நாந்தான் இங்கிலீஷ்ல வெளுத்து வாங்குனேன்" என்று அன்றைக்குப் போனில் அம்மா சொன்ன குரலை இப்போதும் கேட்க முடிகிறது.

அங்கே அப்பா வேறு மனிதராக இருந்தார் என்று தங்கை சொல்கிறாள். காலையில் தம் கோப்பையைத் தாமே கழுவினார். பூங்காவில் பெஞ்சில் அம்மாவோடு உட்கார்ந்து, அம்மா சொல்லும் கதையையெல்லாம் கேட்டார். "அப்பாவுக்கு என்னமோ ஆயிட்டுடா. எனக்குப் பூண்டு உரிச்சுக் குடுக்காக" என்று அம்மா ஒரு நாள் என்னிடம் சிரித்தார். இன்னொரு நாள், அம்மா தனியாகப் பேருந்தில் போய்த் தமிழ்க் கடையில் சாமான் வாங்கி வந்தபோது, அப்பா சொன்னாராம்: "நீ இவ்வளவு தைரியசாலின்னு இத்தன வருசமா எனக்குத் தெரியாமப் போச்சே." பேருந்தில் போனதற்கு இவ்வளவு பாராட்டா என்று அம்மா வெட்கப்பட்டிருக்கிறார். அவர் பேருந்தைப் பற்றிப் பேசவில்லை.

நான்காம் மாதம், ஒரு காலைப்பொழுதில் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் கட்டிலில் சரிந்தார். ஆம்புலன்ஸ் பத்து நிமிடத்தில் வந்தது. மருத்துவமனையில் இவருக்கு ஏற்கெனவே இதய நோய் உண்டா என்று கேட்டார்கள். தங்கை மொழிபெயர்த்துக் கேட்க, அம்மா உறுதியாகச் சொன்னார்: "ஒண்ணும் கெடயாது. சுகர்கூடக் கெடயாது. பிரஷர் மாத்திரை மட்டுந்தான்."

பிறகு காப்பீட்டுத் தாளை எடுக்கக் கோப்பைத் திறந்தார்கள். பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பின் மூன்றாம் பக்கத்தைத் தங்கைதான் முதலில் பார்த்தாள். ஒன்பதாவது எண்ணில் அப்பா எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்:

'இதய வால்வு சுருங்கியுள்ளது. மருத்துவர் அறுவை சிகிச்சைக்குப் பிறகே பயணம் என்கிறார். நான் பயணத்துக்குப் பிறகு அறுவை சிகிச்சை என்று முடிவு செய்துள்ளேன். இடையில் எனக்கு ஏதேனும் நேர்ந்தால், நீ தனியாகத் திரும்பி வர வேண்டியிருக்கும். அதற்குத் தேவையானவை மேலே ஒன்று முதல் எட்டு வரை. இதில் ஆட்சேபம் இருந்தால் கையெழுத்திடும் முன் சொல்லவும். சொன்னால் போக வேண்டாம்.'

அதன் கீழே அம்மாவின் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் கோணலாக என்னுடையது.

அம்மா அதை அந்த மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்து முழுவதும் படித்தார். முதல் எண்ணிலிருந்து. அழவில்லை என்கிறாள் தங்கை. அன்று மாலை அப்பாவுக்கு நினைவு நன்றாக இருந்தது. அம்மாவை உள்ளே விட்டார்கள். அப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"எல்லாந் தெரிஞ்சும், நாலு மாசமும் ஒரு தடவகூட மொகம் கோணாம இருந்தியே."

அம்மா, "ஆமா" என்றார்.

மறுநாள் விடிந்து சற்று நேரத்தில் அப்பா காலமானார். எனக்கு விசா கிடைக்க நாளாகும் என்பதால் எரியூட்டலைத் திரையில்தான் பார்த்தேன். தங்கை தன் விசாவைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தாள். நாட்டை விட்டு வெளியேற முடியாத நிலை. அம்மா அஸ்தியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, இறப்புச் சான்றிதழையும் தூதரகத் தாளையும் தாமே நீட்டி, தாமே பதில் சொல்லி, தனியாகத் தில்லி வந்து இறங்கினார். டிராலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "சாப்ட்டியா?" என்பது. ஹரித்வாரில் கரைத்தோம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். நான்கு மாதமும் எங்கள் அப்பா அம்மாவின் வீட்டைத் திறந்து கூட்டிப் பெருக்கி வைத்திருந்த எதிர்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டிக்கு. மருத்துவமனையில் இருந்த அன்றிரவு அம்மாவுக்குச் சூடாக ரசம் சாதம் கொண்டுவந்து கொடுத்த, தங்கை ஊரின் தமிழ்க் கடைக்காரர் குடும்பத்துக்கு. பார்வை நேரம் முடிந்த பிறகும் அம்மாவை வெளியே போகச் சொல்லாத செவிலியருக்கு. தூதரகத் தாள்களுக்காக அலைந்த தங்கையின் கணவருக்கு. மோதி பாக்கில் அக்கம்பக்கம் குடியிருந்து, இன்றைக்குக் கோலூன்றியாவது வந்து உட்கார்ந்திருக்கும் அப்பாவின் அலுவலக நண்பர்களுக்கு. எல்லாரும் மனசுக்குள் வைத்திருந்ததை வாய்விட்டுக் கேட்ட சித்தப்பாவுக்கும் நன்றி. கேட்டிருக்காவிட்டால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

இந்தக் கட்டுரையை முதலில் வேறு மாதிரி முடித்திருந்தேன். அம்மா படிக்காமல் விட்டதே நல்லதாகப் போயிற்று, அதனால்தான் அந்த நான்கு மாதமும் இருவருக்கும் சந்தோஷமாகக் கழிந்தது என்று நான்கு வரி. அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் எடுத்து, எல்லாவற்றையும் படித்தார். கடைசி நான்கு வரியின் மேல் விரல் வைத்தார்.

"இத எடுத்துரு. நல்லதாப் போச்சுன்னு யார் சொன்னா? படிச்சிருந்தா, ஆபரேசன் பண்ணாம வாசப்படி தாண்ட விட்டிருப்பேனா? சண்ட போட்டிருப்பேன். டிக்கெட்டக் கிழிச்சிருப்பேன். அவுக இன்னைக்கு இங்கன இருந்திருப்பாக. சொந்தக்காரவுக எல்லாரும் கேக்காகல்லா, உள்ளத எழுது. படிக்கல, எனக்குத் தெரியாதுன்னு எழுது."

சரி என்று நான் தாளை வாங்கிக்கொண்டேன். அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"அவுக வந்து கேட்டா மட்டும், தெரியும்னுதான் இப்பவும் சொல்லுவேன்."